பொருள்: ரேக்கிங் = ? (தேறல் கையேடு, 4ஆம் பகுதி)

அஸ்தம்பட்டியிலிருந்து:
நண்பர்களே, மீட் (தேனை நொதிக்கவைத்த மது) என்பதற்குத் ‘தேறல்’ முடிந்த கதை. ‘நீடமை விளைந்த தேக்கள் தேறல்’ என்று திருமுருகாற்றுப்படையே மூங்கிலில் விளையவைத்துக் காட்டிவிட்டது. ஈஸ்ட் சேர்க்க ‘உறை ஊற்றுதல்’, அடியில் படிவது ‘மண்டி’. இடிப்பது ரேக்கிங் ஒன்றுதான், அதாவது மண்டியை விட்டுவிட்டு மேலே உள்ளதைக் குழாய் வழியே வேறு கலத்துக்கு மாற்றுவது. ‘வடித்தல்’ என்று போடலாமா?

ஏற்காடு நாகலூரிலிருந்து:
வேண்டவே வேண்டாம். சேலம் பக்கம் ‘வடிக்கிறான்’ என்றால் சாராய ஊறலும் அடுப்பும்தான் கண்ணில் வரும். 1937 அக்டோபர் 1இல் மதுவிலக்கு முதன்முதலில் நுழைந்த ஜில்லா இது. இன்றும் உரிமம் இல்லாமல் வீட்டில் தேறல் போட்டால் குற்றம். கையேடு பிரிட்டன், கனடா வாசகர்களுக்கு என்று முதல் பக்கத்திலேயே அச்சிடுங்கள். பள்ளிப் பாடத்தில் ‘தெளிய வைத்து இறுத்தல்’ இருக்கிறதே, ‘இறுத்தல்’ போதாதா?

ஆத்தூரிலிருந்து:
இறுக்கப் பாத்திரத்தைச் சாய்க்க வேண்டும். 60 லிட்டர் டிரம்மைச் சாய்த்தால் மண்டி முழுக்கக் கலங்கிவிடும். சொல்லைத் தேடுமுன் வேலையைப் பாருங்கள்.

உணவுத்தரப் பிளாஸ்டிக் டிரம், 60 லிட்டர். தேன் 16 கிலோ, தண்ணீர் விட்டு மொத்தம் 50 லிட்டர். மீதி இடம் நுரைக்கு. நீர்மானி (அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டர்) 1.090க்கு மேல் காட்டும். தேன் நீர்த்திருந்தால், மழைக்காலத்து அடுக்குத்தேன் மாதிரி, எண் இறங்கும். தராசை விட்டு நீர்மானியை நம்புங்கள். ஈஸ்ட் 5 கிராம் பொட்டலம் மூன்று. தேனில் நைட்ரஜன் சொற்பம் என்பதால் ஈஸ்டுக்கான சத்துப்பொடி கட்டாயம், இல்லாவிட்டால் அழுகிய முட்டை வாடை வரும். (உரக்கடை டி.ஏ.பி. ஆகாது.) பொடியைப் பிரித்துப் பிரித்து, முதலில் ஒரு குவளையில் கரைத்து ஊற்றுங்கள். உலர்பொடியாகக் கொட்டினால் வாயு ஒரேயடியாகக் கிளம்பி நுரை தரையில் ஓடும்.

நீர்மானி ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை ஒரே எண் காட்டிய பிறகுதான் ரேக்கிங். அவசரப்பட்டால் ஈஸ்ட் பாதி பின்தங்கி நொதித்தல் பாதியில் நின்றுவிடும். டிரம் மேசை மேல், வாங்கும் கலம் தரையில். குழாயின் மேல்முனை மண்டிக்குச் சற்று மேலே, கீழ்முனை கலத்தின் அடியைத் தொட வேண்டும். உயரத்திலிருந்து சளசளவென்று விழுந்தால் காற்றுப் பட்டு ஈர அட்டைப்பெட்டி ருசி ஏறும். கடைசி மூன்று லிட்டருக்கு ஆசைப்படாதீர்கள். மிச்சம் 47 லிட்டர், இரண்டு 20 லிட்டர் கேனும் ஐந்து லிட்டர் ஜாடி ஒன்றும் இரண்டு லிட்டர் ஜாடி ஒன்றும் கழுத்துவரை நிரம்பும். அரைகுறைக் கேன் ஆகாது.

எங்கள் ஊர் சேகோ (ஜவ்வரிசி) பட்டறையில் இதற்கு நேர் எதிர்: தொட்டியில் கிழங்குப் பால் தெளிந்ததும் மேல் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள், அடியில் உறைந்த மாவுதான் சரக்கு. அதனால் அங்கே சொல் கடன் கேட்க முடியவில்லை.

அம்மாபேட்டையிலிருந்து:
மேலிருந்து கீழே வருகிறது என்றால் ‘தெளிவிறக்கல்’?

நாகலூர்:
வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘தெளுவு இறக்குறது’ என்றுதான் காதில் விழும். பனையேறிக்குச் சொந்தமான சொல் அது, பதநீரோடு குழம்பும்.

ஆத்தூர்:
‘தெளிவு’ என்பதே தப்பு. முதல் ரேக்கிங்கில் இறங்குவது பெரும்பாலும் கலங்கல். தெளிவதெல்லாம் இரண்டாவது கலத்தில், மாதக்கணக்கில். கலத்தை மாற்றுவதே மண்டியை விட்டு விலக்கத்தான். வெப்பத்தில் நெடுநாள் கிடந்தால் செத்த ஈஸ்ட் ரப்பர் வாடை அடிக்கும். ஆகவே ‘கலமாற்று’. முதல் கலமாற்று, இரண்டாம் கலமாற்று என்று எண்ணவும் வசதி.

அஸ்தம்பட்டி:
பாட்டிலில் நிரப்புவதும் கலம் மாற்றுவதுதானே ஐயா?

ஆத்தூர்:
அதற்கு ‘அடைப்பு’ என்று 6ஆம் பகுதியில் ஏற்கெனவே போட்டாயிற்று. மோதாது.

அஸ்தம்பட்டி:
சரி, வரைவில் ஏற்றிவிட்டேன்: “எண் அசையாமல் நின்றதும் கலமாற்றவும், குழாய் முனை மண்டியைத் தீண்டலாகாது.” வினையாகவும் நிற்கிறது. மெய்ப்புப் பார்ப்பவர்கள் ‘கலம்மாற்று’ என்று திருத்திவிடாதீர்கள், மகரம் கெடும்.