மறைச் சுட்டியா, கவிழ்சுட்டியா?

அன்பார்ந்த குழுவினருக்கு,

யாழ்ப்பாண மாணவருக்கென ஆக்கும் அட்சரகணிதப் பயிற்சி நூல் அடுத்த கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டியிருப்பதால் இதை எழுதுகிறேன். 2⁻³ இன் பெறுமானத்தைக் கேட்டால் வகுப்பிற் பலர் −8 என்கிறார்கள். 2இன் மேலே நிற்கும் −3 போன்ற சுட்டிக்கு வழங்கும் 'மறைச் சுட்டி' என்ற பெயரைக் கேட்டதும் விடையும் மறையெண்ணாக வரவேண்டும் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். 8, 4, 2 என இரண்டால் வகுத்துக்கொண்டே இறங்கி, 2⁰ இல் 1ஐ அடைந்து, அதற்குக் கீழே 1/2, 1/4, 1/8 எனப் பலகையில் எழுதும்போது, ஓரிடத்திலும் பூச்சியத்தைத் தாண்டவில்லை என்பதை அவர்களே காண்கிறார்கள். 2 தலைகீழாகி 1/2 ஆவதே இங்கே நடக்கிறது. ஆகவே 'கவிழ்சுட்டி' எனலாமா?

மறுமொழி: தமிழாசிரியர், சுன்னாகம்

ஐயா, வினைத்தொகையாதலால் வல்லினம் மிகாமல் எழுதியது சரியே, பொருள்தான் இடறுகிறது. கவிழ்ந்த சுட்டி, கவிழ்கின்ற சுட்டி, கவிழும் சுட்டி என்று விரித்தால் சுட்டியே கவிழ்வதாகிறது. உண்மையிற் கவிழ்வது அடி, அதாவது சுட்டியைத் தாங்கும் எண். 'கவிழ்' பிறவினையாகவும் வருமென்று நாம் வாதிடலாம், பதினான்கு வயதுப் பிள்ளை வாதிடாது. மேலும், 'மறை' பழியேற்க வேண்டிய சொல்லன்று. 'உண்ணான்' என்பது எதிர்மறை வினை. அங்கே மறுக்கப்படுவது உண்ணுதல், உண்ணாதவன் இல்லாமற் போவதில்லை. அவ்வாறே மறைச் சுட்டி பெருக்கலை மறுத்து வகுத்தலாக்குகிறது, எண்ணை மறையாக்குவதில்லை. சுட்டிக்குத் தமிழ்நாட்டில் வழங்கும் 'அடுக்கு' என்ற சொல்லும் இங்கே உதவாது. மறையாக அடுக்குவதை எவரும் கற்பனை செய்யவியலாது.

மறுமொழி: கணித ஆசிரியர், பருத்தித்துறை

நியூற்றன் 1676இல் எழுதிய கடிதத்திலேயே மறைச் சுட்டியைக் கையாண்டார். சுட்டிகளைக் கூட்டும் விதி குலையாமலிருக்கவே அந்தக் குறி அங்கே நிற்கிறது: 2³ × 2⁻³ = 2⁰ = 1. 'கவிழ்' என்று சொன்னால் மூன்றோடு சய மூன்றை (−3) கூட்டலாம் என்பதே மறைந்துவிடும். பரீட்சைத்தாளும் நமது புதுச்சொல்லை ஏற்காது. பெயரில்லாமல் நாம் உண்மையாகவே இடர்ப்படுவது வேறிடத்தில். −3² என்பது −9, (−3)² என்பது 9. இரண்டையும் 'சய மூன்றின் வர்க்கம்' என்றே வாசிக்கிறோம். முன்னதில் சுட்டி மூன்றை மட்டுமே சாருகிறது. ஆகவே அடைப்புக்கு உள்ளே நிற்பதை அகக்குறி என்றும், வெளியே நிற்பதைப் புறக்குறி என்றும் வழங்கினால், அகமும் புறமும் அறிந்த நம் பிள்ளைகளுக்கு அது உடனே பிடிபடும்.

மறுமொழி: தொடங்கியவர்

பெரும்பான்மை கருதி 'மறைச் சுட்டி' என்றே விடுகிறேன். 'அடியைக் கவிழ்க்கும்' என்ற விளக்கம் ஓரத்தில் வரும். அகக்குறி, புறக்குறி இரண்டையும் எடுத்துக்கொண்டேன்.

மறுமொழி: தமிழாசிரியர், சுன்னாகம்

'உட்குறி, வெளிக்குறி' என்றிருந்தாற் போதும். திணைப்பெயரைக் கணக்குக்குள் இழுப்பதை நான் ஏற்கவில்லை.