பையனைச் சாரணர் படையில் சேர்க்கும் முன் என்ன கேட்கணும்?

கேள்வி: பையன் ஆறாம் வகுப்பு. ஸ்கூலில் பாரத சாரண சாரணியர் படிவம் கொடுத்திருக்காங்க. எதையெல்லாம் விசாரிக்கணும்?

பதில் 1: 10 வயது முடிஞ்சா சாரணர், அதுக்குக் கீழே குருளையர். முதலில் பிரவேஷ் (நுழைவு நிலை), அப்புறம் பிரதம, துவிதீய, திருதீய சோபான் (முதல், இரண்டாம், மூன்றாம் படி), பிறகுதான் ராஜ்ய புரஸ்கார்ங்கிற மாநில விருது. ஒவ்வொரு படிக்கும் குறைந்தபட்ச மாதக்கணக்கு உண்டு. ஒன்பதாவதில் சேர்ந்து பத்தாவதில் விருது கேட்டா நடக்காது. தேர்ச்சித் தேதிகளைப் பதிவேட்டில் ஆசிரியர் எழுதுறாரான்னு பாருங்க. பலர் மாட்டுறது அங்கேதான்.

பதில் 2: முகாமுக்கு எத்தனை பெரியவங்க கூட வர்றாங்க? ஒரே ஆள்னா அனுப்பாதீங்க. ஒவ்வாமை, மருந்து விவரத்தை எழுத்தில் கொடுங்க. வாயால சொன்னா மறந்துடுவாங்க.

பதில் 3: சாரணர் பயிற்சியில் வர்ற கயிறு முடிச்சுகளைப் பழக பருத்திக் கயிறு வாங்குங்க. நைலான் வழுக்கும், முடிச்சு நிற்காது.