ஒழுங்கையில் கேட்ட ‘ஏக், தோ’

1986 ஏப்ரல் கடைசியில், ரெலோ (தமிழீழ விடுதலை இயக்கம்) என்ற ஆயுத இயக்கத்தைப் புலிகள் அழித்தபோது, யாழ்ப்பாணத்தில் இருந்தவர்கள் கண்டதை எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். எனக்கு அப்போது 13 வயது. வீடு கல்வியங்காட்டுக்குப் பக்கத்தில். ரெலோவின் முகாம் எங்களுக்குக் கூப்பிடு தூரம்.

பக்கத்து வீட்டு அண்ணா 1983 கலவரத்துக்குப் பிறகு, இயக்கத்தில் சேர இந்தியாவுக்குப் படகேறிப் போனவர். அந்த ஜூலையில்தான் ரெலோவின் தலைவர்கள் தங்கத்துரையையும் குட்டிமணியையும் வெலிக்கடைச் சிறைக்குள்ளே கொன்றார்கள். அந்தக் கோபத்தில் போன பொடியள் பலர் எந்த இயக்கம் என்று பார்க்கவில்லை. எந்தப் படகு முதலில் கிடைத்ததோ அதில் ஏறினார்கள். அண்ணாவுக்குக் கிடைத்தது ரெலோவின் படகு.

உத்தரப் பிரதேசத்தில் இந்தியா கொடுத்த பயிற்சியை முடித்துக்கொண்டு 1985-ல் திரும்பி வந்தார். பின்னேரங்களில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, தோளில் பனை மட்டையை வைத்து, “ஏக், தோ, ஏக், தோ” என்று நடக்கப் பழக்குவார். என்ன அண்ணா அது என்று கேட்டால், “ஹிந்தியில ஒண்டு, ரண்டுதானடா” என்று சிரிப்பார். என் தம்பிக்கு ஐந்து வயது. அவன் கிணற்றடிக்குக் கால் கழுவப் போவதும் ஏக், தோ சொல்லித்தான்.

சாவகச்சேரிப் பொலிஸ் நிலையத்தை 1984 நவம்பரில் அடித்ததோடு ரெலோவின் பெயர் எங்கும் பரவியிருந்தது. 1985-ல் ரெலோ, புலிகள், ஈ.பி.ஆர்.எல்.எப்., ஈரோஸ் என்ற நான்கு இயக்கங்களும் ஒரே முன்னணியாகச் சேர்ந்தபோது, தலைவர்கள் கைகோத்து நின்ற படத்தை ஐயா பேப்பரிலிருந்து வெட்டி வைத்திருந்தார்.

ரெலோவில் பிழையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1986-ல் தங்கள் தளபதி தாஸையே ஆஸ்பத்திரிக்குள் வைத்துச் சுட்டார்கள். அதோடு சனத்துக்கு வெறுத்துவிட்டது. ஆனால் மேலே இருந்தவர்கள் பட்ட பகைக்கு, ஏக், தோ பழக்கிய பொடியன் என்ன செய்தான்?

ஏப்ரல் 29. வெடிச்சத்தம் கேட்டதும் ஆமி வந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். அப்புறம்தான் ஒலிபெருக்கி வந்தது. ரெலோவைப் புலிகள் தடை செய்துவிட்டார்கள், ஆயுதங்களை ஒப்படைத்துச் சரணடைய வேண்டும், யாரும் அடைக்கலம் கொடுக்கக் கூடாது.

அன்றிரவு அண்ணா வேலிப் பொட்டுக்குள்ளால் வந்தார். “மாமி, ஐயாவின்ர சாரம் ஒண்டு தாங்கோ. எங்கட வீட்டைத்தான் முதல் தேடுவாங்கள்.” அம்மா பாணும் சீனியும் வைத்தா. அவர் சாப்பிடவில்லை. பாணைப் பிய்த்துப் பிய்த்து விரல்களுக்குள் உருட்டிக்கொண்டே இருந்தார். “நேற்றுவரைக்கும் புலிகளோட ஒரே சென்றிக் காவலில நிண்டனாங்கள் மாமி” என்று மட்டும் இரண்டு தரம் சொன்னார். ஐயா கதவடியில் வெகுநேரம் நின்றுவிட்டு, “விடியமுதல் போயிடு தம்பி” என்றார். அண்ணா தலையாட்டினார். கழற்றிய சட்டையை ஒழுங்காக மடித்து அம்மியின் மேல் வைத்துவிட்டுப் போனார். அதை அம்மா அடுப்பில் போட்டு எரித்தா. அவருக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அந்த நாட்களில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியில் ரெலோப் பொடியளின் உடல்களைப் புலிகள் எரித்தார்கள். காவலுக்கு நின்றவர்களுக்குச் சனம் சோடா உடைத்துக் கொடுத்தது. பார்க்கப் போன என் கையிலும் யாரோ ஒரு போத்தலைத் தந்து, கொண்டுபோய்க் கொடு என்றார்கள். கொடுத்தேன். குளிர்ந்த போத்தல், கையெல்லாம் ஈரம். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மே 6-ம் திகதி ரெலோவின் தலைவர் ஸ்ரீ சபாரத்தினத்தையும் கொன்றுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. யாழ்ப்பாணத்தில் ரெலோவின் கதை அதோடு முடிந்தது. அந்த வருடம் முடிவதற்குள் ஈ.பி.ஆர்.எல்.எப்.புக்கும் அதே கதி. ஐயா அந்தப் படத்தை எப்போது எடுத்துக் கிழித்தாரோ, அலமாரியில் அது இல்லை.

ஒரு பின்னேரம் தம்பி பனை மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, ஏக், தோ என்று பலத்துச் சொல்லியபடி படலைப் பக்கம் நடந்தான். அம்மா குசினியிலிருந்து ஓடி வந்து, மாக்கையாலேயே அவன் வாயைப் பொத்தினா.