வாசலைக் கடக்கிற பலகைக்கு ஒரு பேர் வேணும்

அனைவருக்கும் வணக்கம். வீட்டு ரூம்ல மாடல் ரயில் போடறது பத்தி தமிழ்ல ஒரு சின்ன கையேடு பண்ணிட்டிருக்கேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும், ஒரே ஒரு இடத்துல மாட்டிக்கிட்டேன். 10க்கு 12 அடி ரூம்னு வைங்க. ரயில் நிக்காம சுத்தணும்னா நாலு சுவரோரமும் பலகை அடிச்சு தண்டவாளத்தைக் கொண்டுபோகணும், கதவு இருக்கிற பக்கம் அது வழியை மறிக்கும். அதனால அங்க மட்டும் பலகையைத் தனியா வெட்டி, கீல் போட்டு மேல தூக்கிவிடுவாங்க, அது லிஃப்டிங் ஃப்ளாப். மொத்தமா கழட்டி ஓரமா வெச்சா லிஃப்ட் அவுட், கதவு மாதிரி பக்கவாட்டுல திறந்தா ஸ்விங் கேட், எதுவும் செய்யாம பலகையை அப்படியே விட்டுட்டு நாம குனிஞ்சு போனா டக் அண்டர். நாலுக்கும் தமிழ் வேணும். படிக்கிறவங்கள்ல நிறைய பேர் அந்தப் பக்கத்தை ஆசாரிகிட்ட காட்டித்தான் வேலை வாங்குவாங்க, அவருக்கும் புரியணும்.

-----

தம்பி, இதுல யோசிக்க என்ன இருக்கு, தூக்குப்பாலம்னு போடுங்க. பாம்பன் பாலம் 1914ல திறந்ததுல இருந்து ஜனங்க வாயில புழங்குற சொல்லு. அந்தப் பழைய பாலத்துல நடுவுல ரெண்டு பக்கத்துல இருந்தும் ஒவ்வொரு துண்டு மேல எந்திரிச்சுது, ஆளுங்க நின்னு கையாலயே இயக்கினாங்க, கப்பல் போச்சு. உங்க ரூம்ல கப்பலுக்குப் பதிலா மனுஷன் போறான், அவ்வளவுதானே.

-----

தூக்குப்பாலம் என்பதை நான் ஏத்துக்க மாட்டேன். தூக்குகிற பாலம் என்று பொருள் கொண்டால் அது வினைத்தொகை, ஊறுகாய், சுடுகாடு போல வல்லினம் மிகக்கூடாது, தூக்குபாலம் என்றுதான் வரணும். அதோட தூக்கு என்றாலே மக்களுக்குத் தூக்குமேடைதான் ஞாபகம் வரும். எழுபாலம் என்று வையுங்கள், எழுந்த, எழுகிற, எழும் பாலம், முக்காலமும் அடங்கிருச்சு, ஓசையும் நல்லா இருக்கு.

-----

ஐயா மன்னிக்கணும். தூக்கு இங்க பெயர்ச்சொல், வன்தொடர்க் குற்றியலுகரம், எட்டுத்தொகை பத்துப்பாட்டு மாதிரி வலி மிகத்தான் செய்யும், தப்பே இல்ல. ஆனா எழுபாலத்துலதான் சிக்கல் இருக்கு. எழுகடல், எழுபிறப்புன்னு படிச்சவனுக்கு எழுபாலம்னா ஏழு பாலம்னுதான் தோணும். கையேட்டுல "ரூமுக்கு ஒரு எழுபாலம் அமைக்கவும்"னு பார்த்தா ஆசாரி ஏழு பாலத்துக்கு மரம் கேப்பாரு.

-----

நான் சென்னையில ஃப்ளாட்ல எச்.ஓ. அளவுல போட்டிருக்கேன், அதாவது நிஜ ரயில்ல 87ல ஒரு பங்கு, தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். செஞ்சு பார்த்தவன்ங்கற முறையில ரெண்டு விஷயம் சொல்லிடறேன், பேர் வைக்கறதுக்கு உதவும்.

லிஃப்டிங் ஃப்ளாப்புக்கு கீலைத் தண்டவாளத்தோட மேல்மட்டத்துக்குக் கீழ போடவே கூடாது. சாதாரண கதவு மாதிரி பலகை விளிம்புல போட்டா, தூக்கும்போது தண்டவாள நுனி பின்னாடி சாய்ஞ்சு எதிர்த்தாப்புல இருக்கிற நுனியில இடிச்சு வளைஞ்சிடும். அதனால ரெண்டு பக்கமும் சின்ன மரக்கட்டை வெச்சு, அதுமேல கீலோட ஆணி தண்டவாளத்தைவிட ஒசரத்துல இருக்கிற மாதிரி அடிக்கணும். வந்து உக்கார்ற பக்கத்துல பித்தளை முளை ரெண்டு வேணும், இல்லன்னா மழைக்காலத்துல ப்ளைவுட் உப்பிக்கிட்டு தண்டவாளம் நேரா சேராது. அப்புறம் பலகை தூக்கியிருக்கும்போது அந்தப் பக்கத் தண்டவாளத்துக்கு கரண்ட் நிக்கிற மாதிரி ஒரு மைக்ரோ சுவிட்ச் கட்டாயம், இல்லன்னா எஞ்சின் நாலடி உசரத்துல இருந்து நேரா தரைக்குப் போகும்.

இதுல பாலம்ங்கற பேச்சே வரக்கூடாதுன்னு நினைக்கறேன். காட்சிக்குன்னு ஆறு, பாலம் எல்லாம் தனியா செய்வோம், பாம்பன் பாலத்தையே செய்யறவங்களும் உண்டு. அதுவும் 2025ல திறந்த புதுப் பாம்பன்ல நடுத்துண்டு அப்படியே நேர் மேல போகுது, இனிமே தூக்குப்பாலம்னா எந்த மாதிரின்னே தெரியாது. மளிகைக் கடையில கல்லாப்பெட்டிக்குப் பக்கத்துல உள்ள போறதுக்குத் தூக்கிவிட்டுப் போவாங்களே, அந்தப் பலகைதான் இது. மடக்குப்பலகைன்னு எழுதுங்க.

-----

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். மற்றதுகள் எப்படியோ, ஸ்விங் கேட்டுக்கு நீங்கள் ஏன் மண்டையை உடைக்கிறீங்கள்? எங்கட பக்கம் வேலி வாசலில பக்கவாட்டா திறக்கிறதைப் படலை எண்டு சொல்லுவம். ரயில் பலகையும் அப்பிடித்தானே திறக்குது. படலை எண்டாலே காணும், பாலமும் வேண்டாம் பலகையும் வேண்டாம்.

-----

படலை அருமை அக்கா! இங்கயும் ஆட்டுப்பட்டிக்கு படல் வெச்சு அடைக்கிறது உண்டு, ரெண்டும் ஒரே வேர்தான்னு நினைக்கிறேன். படர், படலம், படல் எல்லாம் பரவி மறைக்கிறதைக் குறிக்கும்னு தனியா ஒரு மடல் எழுதறேன். டக் அண்டருக்கும் ஒண்ணு சொல்றேன், புழை. சின்னத் திறப்பு, சிறு வாசல்னு பழைய பொருள். புழைக்கடைதான் புழக்கடைன்னு ஆயிருக்கு, இன்னைக்கும் கிராமத்துல கொல்லைப் பக்கத்தை அப்படித்தான் சொல்றாங்க. அதனால புழைவழி.

-----

புழைவழின்னு எழுதினா எந்தப் பையனுக்கும் புரியாது, பக்கத்துலயே விளக்கம் எழுதணும். குனிவழின்னு வைங்க, படிச்ச உடனே குனிவான், தலை தப்பிக்கும்.

-----

குனிவழியும் வினைத்தொகைதான், எனக்கு மகிழ்ச்சி. ஆனால் எழுபாலத்தை இவ்வளவு சீக்கிரம் தள்ளியது சரியில்லை. சொல்லைப் புழக்கத்தில் விட்டால்தானே பழகும், பேருந்து என்ற சொல் வந்தபோதும் புரியாது என்றுதான் சொன்னார்கள்.

-----

எல்லாருக்கும் நன்றி, நேரமாச்சு, கைதூக்கினவங்க கணக்குப்படி முடிச்சுக்கறேன். கீல் வெச்சுத் தூக்கறது மடக்குப்பலகை, முழுசா எடுக்கறது கழற்றுபலகை, பக்கவாட்டுல திறக்கறது படலை, அடியில நுழையறது குனிவழி. சென்னை அண்ணன் சொன்ன கீல் உயரத்தையும் மைக்ரோ சுவிட்சையும் படத்தோட சேர்த்துட்டேன்.

-----

நான் ஒத்துக்கலைன்னு பதிவு பண்ணிடுங்க தம்பி. மடக்குன்னா ரெண்டா மடியணும், இங்க எதுவும் மடியல, முழுத் துண்டும் அப்படியே எந்திரிச்சு நிக்குது. பலகைன்னு படிச்சுட்டு ஆசாரி வெறும் ப்ளைவுட் அட்டையை வெட்டிக் குடுப்பாரு, அடியில சட்டம் வெச்சாத்தான் ரெண்டரை அடி வாசல்ல அது தொய்யாம நிக்கும். பாலம்னு சொன்னாலே எடை தாங்கணும்னு அவருக்குத் தோணும். அடுத்த பதிப்புலயாவது தூக்குப்பாலத்தை மறுபடி பரிசீலிக்கணும், நான் எழுதறப்போ அப்படித்தான் எழுதுவேன்.