மறு: மெரிட் – தகுதியா, பணித்திறமா?

> மெரிட் என்றால் தகுதி. எல்லாருக்கும் புரிகிற சொல்லை ஏன் நோண்ட வேண்டும்?

நோண்டத்தான் வேண்டும். வேலைக்கு ஆள் எடுப்பது, பதவி உயர்வு பற்றிய பேச்சில் வரும் மெரிட்டுக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். விண்ணப்பிக்கத் தேவையான படிப்பும் தகுதி, விண்ணப்பித்தவர்களில் யார் முந்துகிறார் என்பதும் தகுதி என்று ஒரே சொல்லில் இரண்டையும் அடைத்து வைத்திருக்கிறோம். அதனால்தான் டைவர்சிட்டி, அதாவது பல பிரிவினருக்கும் வேலையில் இடம், என்று பேச்செடுத்ததும் ஒருவர் 'தகுதி இல்லாதவரை எடுத்துவிட்டார்கள்' என்கிறார், இன்னொருவர் 'எல்லாத் தகுதியும் இருந்ததே' என்கிறார், இருவர் சொல்வதும் அவரவர் பொருளில் சரியாகவே இருக்கிறது, சண்டை மட்டும் ஓய்வதில்லை.

வாசலைத் தாண்ட வேண்டியது தகுதி; அது அப்படியே இருக்கட்டும். மெரிட்டுக்குப் பணித்திறம் என்று வைக்கலாம். 'பணி' அலங்காரத்துக்கு இல்லை. எந்த வேலைக்கு என்று சொல்லாமல் திறம் என்று மட்டும் சொன்னால் அது வெறும் பாராட்டுச் சொல்.

அமெரிக்காவின் கிரிக்ஸ் – டியூக் பவர் வழக்கைப் பாருங்கள். வட கரோலினாவில் டியூக் பவர் நிறுவனத்தின் மின்நிலையம் ஒன்று. கறுப்பினத்தவருக்குக் கூலிப் பிரிவில் மட்டுமே வேலை, அங்கே உச்சச் சம்பளம் வாங்குபவர்கூட மற்ற பிரிவுகளின் அடிமட்டச் சம்பளத்தை எட்ட முடியாது. 1965 ஜூலை 2 அன்று வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் அமலுக்கு வந்தது, நிறுவனம் அதே நாளில் பொது அறிவுத்திறன் தேர்வுகளைக் கொண்டுவந்தது. பள்ளி இறுதிச் சான்றிதழ் நிபந்தனை ஏற்கெனவே இருந்தது. ஆனால் இவை எதுவும் இல்லாமல் முன்பே சேர்ந்தவர்கள் அதே பிரிவுகளில் ஒழுங்காக வேலை பார்த்து, பதவி உயர்வும் வாங்கிக்கொண்டிருந்தார்கள்! 1971-இல் உச்ச நீதிமன்றம், உள்நோக்கம் இருக்கிறதோ இல்லையோ, ஒரு பிரிவினரை வடிகட்டும் தேர்வு அந்த வேலையோடு தொடர்புடையதாக இருந்தாக வேண்டும் என்றது. அந்தச் சான்றிதழ் 'தகுதி'தான், பணித்திறம் இல்லை.

நோக்கம் எதுவானாலும் விளைவில் ஒரு பிரிவினரைப் பாதிப்பதும் பாகுபாடுதான் என்று இந்தத் தீர்ப்பிலிருந்து வளர்ந்த கோட்பாட்டுக்கு (disparate impact) 'விளைவுப் பாகுபாடு' என்று சொல்லலாம் என நினைக்கிறேன். அதை ஒடுக்க 2025 ஏப்ரலில் ட்ரம்ப் போட்ட ஆணையின் தலைப்பிலேயே மெரிட்டோகிரசி, அதாவது மெரிட்டுக்கே முதலிடம் என்ற முறை, இருக்கிறது. அதாவது எதிரெதிர் அணிகள் இரண்டும் மெரிட் பெயரில்தான் வாதாடுகின்றன.

> பதவி உயர்வுக்குப் பொருந்துமா?

அங்கேதான் அதிகம் தேவைப்படுகிறது. நம் நாட்டுப் பணி விதிகளில் சீனியாரிட்டி-கம்-மெரிட், மெரிட்-கம்-சீனியாரிட்டி என்று இரண்டு உண்டு. முதலாவதில், தேவையான குறைந்தபட்சத் திறம் இருந்தால் போதும், மூத்தவருக்கே பதவி. இரண்டாவதில் திறம்தான் முதலில், அது ஏறக்குறைய சமமாக இருந்தால் மட்டும் மூப்பு. இரண்டையும் 'தகுதியும் பணிமூப்பும்' என்று எழுதினால் விதியே தலைகீழாகிவிடும். தமிழில் தலைச்சொல், அதாவது தொடரின் முக்கியச் சொல், கடைசியில் வருவதால் முதலாவதைத் திறம்சார் பணிமூப்பு என்றும் மற்றதை மூப்புசார் பணித்திறம் என்றும் பிரிக்கலாம்.

> டைவர்சிட்டி பாலிசிக்கு ஒதுக்கீட்டுக் கொள்கை போதுமே?

போதாது. ஒதுக்கீடு அதில் ஒரு வகை, அவ்வளவுதான். 2003-இல் அமெரிக்காவின் தேசியக் கால்பந்து லீக் (என்.எஃப்.எல்.) கொண்டுவந்த ரூனி விதியைப் பாருங்கள்: தலைமைப் பயிற்சியாளர் பதவிக்குச் சிறுபான்மையினர் ஒருவரையாவது நேர்காண வேண்டும் என்றது, வேலை கொடுத்தாக வேண்டும் என்று சொல்லவில்லை. இதைப் போய் ஒதுக்கீடு என்று எப்படி எழுதுவது? பன்மைக் கொள்கை என்றே வைக்கலாம்.

ஒரு சிக்கல் இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். எஃபிஷியன்சிக்குப் பணித்திறன் என்று எழுதுகிறவர்கள் உண்டு, ன்-ம் குழப்பம் வரும். அதற்குச் செயல்திறன் என்ற சொல் இருக்கவே இருக்கிறது. பணித்திறம் பிடிக்காதவர்கள் வேறு சொல் தாருங்கள், அப்புறம் ஒரு முடிவுக்கு வரலாம்.