கலைப்பில் இருக்கும் ஆலை: அப்பாவின் சம்பள பாக்கியும் பி.எஃப். தொகையும் எந்த வரிசையில் வரும்?

கேள்வி

வணக்கம். கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் என் தந்தை இருபது ஆண்டுகளுக்கு மேல் ஸ்பின்னிங் பிரிவில் வேலை பார்த்தார். 2018 ஆகஸ்டில் உற்பத்தி நின்றது. அதற்கு முந்தைய ஆறு மாதச் சம்பளம் வரவில்லை. ஆலையில் இருநூறு பேருக்கு மேல் இருந்தும், மூடுவதற்கு அரசிடம் அனுமதி பெறப்படவில்லை. 2021 பிப்ரவரியில் என்.சி.எல்.டி. (தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம்) கலைப்பு உத்தரவு பிறப்பித்தது. தொழிலாளர் நிலுவையைக் கோரும் ஃபார்ம்-இ கொடுத்திருந்தோம். இப்போது பட்டியலைப் பார்த்தால், சம்பளம், பி.எஃப்., கிராஜுவிட்டி மூன்றும் ஒரே தொகையாகச் சேர்க்கப்பட்டு, அதில் பெரும்பகுதி கடைசி வரிசைக் கடன்களோடு வைக்கப்பட்டிருக்கிறது. வங்கியோ தன்னிடம் அடமானத்தில் உள்ள நிலத்தைத் தானே விற்றுக்கொள்வதாக ஒதுங்கிவிட்டது. எங்களுக்கு ஏதாவது மிஞ்சுமா?

மறுமொழி 1 (முன்னாள் தொழிற்சங்கப் பொறுப்பாளர்)

அம்மா, மூன்றையும் முதலில் பிரியுங்கள். திவால் சட்டம் 2016-இன் 36(4) பிரிவின்படி, பி.எஃப்., பென்ஷன், கிராஜுவிட்டி நிதிகளிலிருந்து தொழிலாளிக்குச் சேர வேண்டிய தொகை கலைப்புச் சொத்தில் சேராது. ஆகவே யாருக்கு முதலில் பணம் என்று சொல்லும் 53-ஆம் பிரிவின் வரிசையில் அது நிற்க வேண்டியதே இல்லை. ஏபிஜி ஷிப்யார்டு தொழிலாளர் வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பிடித்தம் செய்தும் கட்டாத பி.எஃப். தொகைக்கு, பி.எஃப். மண்டல அலுவலகம் அப்போதைய பி.எஃப். சட்டத்தின் 7ஏ பிரிவின் கீழ் நிலுவையைத் தீர்மானித்து லிக்விடேட்டரிடம் (கலைப்பை நடத்தும் அதிகாரி) கோரிக்கை வைத்திருக்கிறதா என்று எழுத்து மூலம் கேளுங்கள்.

கிராஜுவிட்டியில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. நிறுவனம் தனி நிதியே உருவாக்காதபோது லிக்விடேட்டரைக் கொடுக்கச் சொல்ல முடியாது என்று 2020-இல் லாங்கோ இன்ஃப்ராடெக் தொடர்பான வழக்கில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கூறியது. ஜெட் ஏர்வேஸ் வழக்கில் 2022-இல் அதே தீர்ப்பாயம் பி.எஃப்., கிராஜுவிட்டி இரண்டையும் கொடுக்கச் சொன்னது, ஆனால் அப்போது அங்கே நடந்தது கலைப்பு அல்ல, நிறுவனத்தை மீட்கும் திட்டம். நிதி கட்டாத முதலாளிக்கு அதனாலேயே லாபம் என்றால் அது என்ன நியாயம் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. எல்ஐசி குழுக் கிராஜுவிட்டி பாலிசி ஏதாவது இருந்ததா என்று கண்டிப்பாக விசாரியுங்கள்.

மறுமொழி 2 (தொழிலாளர் வழக்கறிஞர்)

சம்பள பாக்கியில்தான் உங்களுக்குச் சிக்கல். 53(1)(பி) பிரிவு, கலைப்பு தொடங்கிய நாளுக்கு முந்தைய 24 மாதத் தொழிலாளர் நிலுவைக்கு மட்டுமே அடமானத்தை விட்டுக்கொடுத்த வங்கியோடு சமமான இடம் தருகிறது. உங்கள் கணக்கில் அந்தக் காலம் 2019 பிப்ரவரியில்தான் தொடங்குகிறது. 2018-இல் வராத ஆறு மாதச் சம்பளம் அதற்கு வெளியே விழுவதால் கீழே தள்ளப்பட்டிருக்கும். ஆனால் நூறு பேருக்கு மேல் வேலை செய்த ஆலையை அனுமதியின்றி மூடினால், அப்போது அமலில் இருந்த தொழில் தகராறு சட்டத்தின் 25-ஓ(6) பிரிவின்படி அந்த மூடலே சட்டவிரோதம். ஆலை மூடப்படாததுபோலவே தொழிலாளிக்கு எல்லாப் பலன்களும் சேரும். அந்த அடிப்படையில் 2019 பிப்ரவரி முதல் 2021 பிப்ரவரி வரையிலான ஊதியத்தை 24 மாத நிலுவையாகக் கோரலாம். லிக்விடேட்டர் எதிர்ப்பார், ஆனால் வாதம் வலுவானது. வேலை நடக்காத காலச் சம்பளம் திவால் நடைமுறைச் செலவில் சேராது என்று சொன்ன அதே ஏபிஜி ஷிப்யார்டு தீர்ப்புதான், அது 53(1)(பி), (சி) வரிசையில் வரும் என்றும் சொல்கிறது.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டால், அந்த முடிவு கிடைத்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் 42-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்ய வேண்டும். முடிவுக் கடிதமே உங்களுக்கு வரவில்லை என்றால், அதைக் கேட்டுப் பதிவுத் தபாலில் இன்றே எழுதுங்கள்; நாள் கணக்கு அதில்தான் நிற்கிறது. தனித்தனியாக ஓடுவதைவிடச் சங்கமாகச் சேர்ந்து போவது செலவையும் குறைக்கும்.

கேட்டவர்

ஐயா, மிக்க நன்றி. கடிதம் வரவில்லை; நாளையே எழுதுகிறேன். வங்கி வெளியே நின்று நிலத்தை விற்றால், அந்தப் பணத்தில் எங்களுக்குப் பங்கே கிடையாதா?

மறுமொழி 2 (தொழிலாளர் வழக்கறிஞர்)

உண்டு. பலருக்கும் இது தெரிவதில்லை. 2019 ஜூலையில் கலைப்பு நடைமுறை விதிகளில் சேர்க்கப்பட்ட 21ஏ விதியின்படி, ஒதுங்கி நின்று அடமானச் சொத்தை விற்கும் வங்கியும், அதை விட்டுக்கொடுத்திருந்தால் நடைமுறைச் செலவுக்கும் 24 மாதத் தொழிலாளர் நிலுவைக்கும் எவ்வளவு பங்கு தந்திருக்குமோ, அந்தத் தொகையைக் கலைப்பு தொடங்கிய 90 நாட்களுக்குள் லிக்விடேட்டரிடம் கட்டியாக வேண்டும். கட்டியதா, எவ்வளவு கட்டியது என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். உங்கள் 24 மாதக் கோரிக்கை ஏற்கப்படாதவரை வங்கி கட்ட வேண்டிய தொகையும் குறைவாகவே கணக்கிடப்படும் என்பதால், முதலில் அதை நிலைநாட்டுங்கள்.