கணக்குப் பாடத்தை கிரவுண்டுல நடத்தினா புள்ளைங்களுக்கு ஏறுமா?

கணக்கு டீச்சர்:
ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை சதுர சென்டிமீட்டர்னு கேட்டா முக்கால்வாசி பேர் 100ன்னுதான் சொல்றாங்க, போர்டுல எத்தனை வாட்டி எழுதிப்போட்டாலும் மறுநாள் அதே 100. கிரவுண்டுல சாக்பீஸால மீட்டருக்கு மீட்டர் கட்டம் போடவச்சு, ஓரத்துல ஒரு சென்டிமீட்டர் கட்டத்தையும் வரையச் சொன்னேன். ஒரு வரிசைக்கே 100 புடிக்குது, அந்த மாதிரி 100 வரிசைன்னு அவங்களே பாத்துட்டு பத்தாயிரம்னு கத்துறாங்க. வாரத்துல ஒரு பீரியடாவது கணக்கு வெளிய நடக்கணும்.

பெற்றோர் ஒருத்தர்:
கேக்க நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா நாப்பது புள்ளைங்கள வெளிய விட்டா டேப் புடிக்கிறது நாலு பேரு, மத்ததெல்லாம் ஓடிப்புடிச்சு வெளையாடும். திரும்ப கிளாஸுக்கு கூட்டியாறதுக்குள்ள பெல் அடிச்சிரும். அந்த நேரத்துல பத்து கணக்கு போட்டுப் பாக்கலாம்ல, கணக்குங்கிறது கைப்பழக்கம்.

சயின்ஸ் பையன்:
சார், மரத்தோட உயரத்தை நிழல வச்சுக் கண்டுபுடிக்கிறத நோட்டுல எப்படிப் பழகுவீங்க? 1 மீட்டர் குச்சிக்கு 80 சென்டிமீட்டர் நிழல், அதே நேரத்துல மரத்துக்கு 4 மீட்டர்னா மரம் 5 மீட்டர். வடிவொத்த முக்கோணம் அவ்ளோதான்.

பெற்றோர் ஒருத்தர்:
தம்பி, ஒரு குரூப்புக்கு 5.2 வரும், இன்னொண்ணுக்கு 4.6 வரும், எது சரின்னு புள்ள குழம்பிப்போயிரும்.

கணக்கு டீச்சர்:
அங்கதான் சார் பாடமே ஆரம்பிக்குது! குச்சி சாஞ்சிருந்துச்சா, தரை மேடா, நிழலோட நுனிய எங்க வச்சுப் புடிச்சீங்கன்னு அவங்களே சண்டை போட்டுக்குவாங்க, சராசரி எதுக்குன்னு அப்பதான் புரியும். கூட்டம் பெருசுன்னா அஞ்சு அஞ்சு பேரா பிரிச்சு ஆளுக்கொரு வேலை குடுக்கணும், ஒருத்தர் குச்சி, ரெண்டு பேர் டேப், ஒருத்தர் எழுதணும், ஒருத்தர் சரிபாக்கணும்.

பெற்றோர் ஒருத்தர்:
சரி, அளவைக்கு ஒத்துக்கறேன். மைனஸ் இன்ட்டு மைனஸ் பிளஸ்ங்கிறத கிரவுண்டுல எப்படி நடத்துவீங்க?

கணக்கு டீச்சர்:
தரையில எண்கோடு போட்டு பூஜ்ஜியத்துல நிக்கவைப்பேன். மைனஸ் 3 இன்ட்டு மைனஸ் 2ன்னா முதல் மைனஸுக்கு இடது பக்கமா மூஞ்சிய திருப்பு, ரெண்டாவது மைனஸுக்கு பின்னாடியே நட, ரெண்டு ரெண்டு கட்டமா மூணு தடவை. நிக்கிற எடம் பிளஸ் 6.

பெற்றோர் ஒருத்தர்:
இது நல்லாருக்கு, வீட்ல பண்ணிப் பாக்குறேன். ஆனா நடந்ததை அன்னைக்கே நோட்டுல எழுதவைக்கலன்னா பரீட்சைல நிக்காது டீச்சர், அதுல மட்டும் நான் மாறமாட்டேன்.